எதிர்வீட்டுச் சுவரில் காப்பி

“காப்பி! பச்சைக் காப்பி!”

கிளெமென்ட் சார் போட்ட சத்தத்தில், சாரத்தின் மேல் நின்ற கொத்தனார் ராமர் கரணையைக் கீழே நழுவவிட்டார்.

காலமெல்லாம் கணக்கு வாத்தியாராக இருந்து, தேர்வு அறையில் எத்தனையோ பேரைக் கையும் களவுமாகப் பிடித்தவர் கிளெமென்ட். சின்னாளபட்டி சாலையில் கட்டும் புது வீட்டின் முகப்புக்கு வெள்ளைச் செங்கல் என்று முடிவு செய்தவர் அவர். செங்கலுக்கு இடையே சந்துகளில் சாம்பல் நிறக் கலவை என்றதும் அவர்தான். மனைவி டெய்சி, “உங்க இஷ்டங்க” என்றதோடு சரி.

இப்போது எதிரே வீடு கட்டும் சேலை வியாபாரி ஈஸ்வர், வாசலோரம் ஒரு கதவு அகலத்துக்கு அதே வெள்ளைச் செங்கலை அடுக்கி, அதே சாம்பல் கலவையைப் பூசியிருந்தார்.

“நல்லா இருந்துச்சு சார், அதான்...” என்று தலையைச் சொறிந்தார் ஈஸ்வர்.

“பக்கத்துல இருக்கவன் பேப்பரு நல்லா இருந்தா பாத்து எழுதிருவீங்களா?”

பதிலுக்குக் காத்திராமல் திரும்பினார் கிளெமென்ட். “ராமரு, அம்புட்டுச் சந்துக் கலவையையும் சுரண்டு. வெள்ளைக் கலவை போடு.”

“சுரண்டுனா செங்கல் ஓரம் பேந்துரும் சார்.”

“பேந்தா பேந்துட்டுப் போகுது!”

செங்கல் ஓரமெல்லாம் பல் போன வாய் மாதிரி ஆனது. வெள்ளையில் வெள்ளை பூசியதும் செங்கலே தெரியவில்லை.

“இதுக்குச் சும்மா சுண்ணாம்பு அடிச்சிருக்கலாம் சார்” என்றார் ராமர். கிளெமென்ட் பல்லைக் கடித்தார்.

மறுநாள் காலை எதிர்ச்சுவரும் வெள்ளை.

சண்டைக்கென்றே தெருவைத் தாண்டிப் போனார் கிளெமென்ட். ஈஸ்வரின் மனைவி முனீஸ்வரி நாற்காலி போட்டு, டீயும் கொடுத்து, “உங்க ரசனை எங்களுக்கெல்லாம் வருமா சார்?” என்றாள். திட்ட வந்தவர் டீயைக் குடித்துவிட்டு, போனதைவிட அதிகக் கோபத்தோடு திரும்பினார்.

“கறுப்பு போடு ராமரு! இத எப்படி அடிக்கிறான்னு பாப்போம்.”

கறுப்புக் கலவை காயுமுன் மழை பிடித்துக்கொண்டது. வெள்ளைச் செங்கல் மேல் கறுப்பு வழிந்து, மை கரைய அழுத கல்யாணப் பெண் மாதிரி நின்றது வீடு. மழை விட்ட மறுநாளே எதிர்ச்சுவரிலும் கறுப்பு. அதுவும் சொட்டு வழியாமல், கச்சிதமாக.

“பாத்தியா டெய்சி! காப்பி அடிச்சவன் என்னவிட நல்லா எழுதியிருக்கான்!”

“செத்த நேரம் உக்காருங்க. பிரஷர் ஏறப்போவுது” என்றாள் டெய்சி.

புது வீட்டை ஜெபம் செய்து மந்திரிக்கச் சர்ச் சாமியார் வரும் நாள் நெருங்கிவிட்டது. கடையில் மிச்சமிருந்தது சந்தன நிறம் ஒன்றுதான். கசாயம் குடிக்கும் முகத்தோடு அதை வாங்கி வந்து ராமரிடம் கொடுத்தார் கிளெமென்ட். ராமர் சுவரைத் தேய்த்துக் கழுவி, மறுபடி சுரண்டிப் பூசினார்.

சாயங்கால வெயில் பட்டபோது கிளெமென்டுக்கே நம்ப முடியவில்லை. பேந்த ஓரங்களையெல்லாம் சந்தன நிறம் பூசி நிரப்பியதில், வீடு பார்க்கப் பார்க்க அழகாயிருந்தது.

எதிர்ச்சுவரை அடுத்தடுத்த நாட்கள் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்தார். கறுப்பு கறுப்பாகவே இருந்தது.

“தோத்துட்டான்!” என்று உள்ளே வந்து டெய்சியிடம் மார்தட்டினார். “இத மட்டும் அவனால அடிக்க முடியல. நம்ம ரசனை, அப்படி!”

“ஆமாங்க” என்றாள் டெய்சி.

அப்போது வெளியே கேட்டருகிலிருந்து முனீஸ்வரியின் குரல் கேட்டது:

“டெய்சிக்கா! நீங்க ஆசப்பட்ட சந்தனக் கலருக்கே சார் வந்துட்டாருல்ல? நீங்க கேட்டபடி காப்பி அடிச்சாச்சு, இனிமேயாச்சும் எங்க சுவத்துல எங்களுக்குப் புடிச்சதப் பூசிக்கிறட்டுமா?”