ஓட்டைக்குக் காவல் நின்றவர்

மானியம் பார்த்து வாழும் மனிதரை நீங்களும் பார்த்திருப்பீர்கள். சட்டைப்பையில் இரண்டு பேனா, கையில் மனு, வாயில் "சர்க்கார் வரட்டும்". நாகலாபுரம் பக்கத்தில் இந்த இனத்துக்கே தலைவர் நம் முனிரத்தினம்.

அவருடைய ஊர் ஏரிக்கரையில் ஓட்டை விழுந்தது. வெள்ளத் தடுப்புக்கு மானியம் உண்டு என்று காதில் விழுந்த நாள் முதல், அந்த ஓட்டையைப் பெற்ற பிள்ளைபோலப் பார்த்துக்கொண்டார். ஊர் ஆந்திராவில் நிற்குமா, சென்னை ராஜ்யத்துக்குப் போகுமா என்று எல்லைத் தகராறு தீராத காலம். ஆகவே சித்தூருக்குத் தெலுங்கில் ஒன்று, சென்னைக்குத் தமிழில் ஒன்று, இரண்டிலும் ஓட்டையின் அகலத்தை ஒரு முழம் கூட்டி, வீடு வீடாகப் போய்க் கைநாட்டு வாங்கி மனு அனுப்பினார். பாவம், மனிதருக்குச் சாப்பிட ஏது நேரம்?

ஐப்பசி பிறந்தால் வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு கரைக்குப் போவது ஊர் வழக்கம். முனிரத்தினம் குறுக்கே நின்றார்.

"அடைச்சிட்டா ஆபீசர் வந்து இன்னாத்த பாப்பாரு? ஒரு கூடை மண்ணு போட்டாலும் மானியம் போச்சு!"

ஊர் தயங்கியது. செல்லியம்மா தயங்கவில்லை. பத்து வருஷம் கூலிக்குப் போய் அவள் வாங்கிய அரைக் காணி நிலம் கரைக்கு நேர் கீழே இருந்தது.

"உன் ஆபீசர் வர்றதுக்குள்ள என் பயிரு கடலுக்குப் போய்க்கினு இருக்கும். நகருண்ணா."

"மாட்டேன்! ஓட்டைக்குள்ளயே நின்னுக்கினு இருப்பேன். போடு பாக்கலாம்!"

மழை பிடித்துக்கொண்டது. செல்லியம்மா போட்டாள். பின்னாலேயே ஊர் மொத்தமும் வைக்கோல், முள், களிமண் என்று கொட்டி மிதிக்க, மனிதர் கத்தக் கத்த இடுப்புவரை கரைக்குள் போய்விட்டார். கரை நின்றது. பயிர் பிழைத்தது.

மழை விட்டதும், பார்த்தீர்களா வேடிக்கையை, ஜீப் வந்தது!

"கண்டி எக்கட?" என்று தெலுங்கில் ஓட்டையைத் தேடினார் அதிகாரி.

"இங்கதான் சார், எனக்குக் கீழ!"

அதிகாரிக்குக் கண் கலங்கிவிட்டது. "தன் உடம்பையே கரையாக்கும் பெரியவர் உள்ள ஊர். மானியம் அவசியமில்லை" என்று எழுதிக்கொண்டு சலாம் போட்டுவிட்டுப் போனார்.

செல்லியம்மா மண்வெட்டியோடு முனிரத்தினத்தைத் தோண்டியெடுக்க வந்தாள்.

"தொடாதே!" என்றார் அவர். "என்ன எடுக்கறதுக்குச் சர்க்கார் ஏதாச்சும் குடுக்குதான்னு மொதல்ல கேப்போம்."

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். உங்கள் வாடகை வீட்டுக் கூரை ஒழுகும் இடத்தில் ஒரு குண்டானை வைத்துவிட்டு, "வீட்டுக்காரர் வந்து கண்ணால் பார்க்கட்டும்" என்று எத்தனை மழையாகக் காத்திருக்கிறீர்கள்?