அறுபத்து மூன்றாம் பக்கத்தில் ஒரு பொட்டு அட்டை

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒரு காலத்தில் நான் ஊருக்கெல்லாம் சிபாரிசு செய்த புத்தகங்களில் பாதிக்கு மேல் நான் முழுசாகப் படித்ததில்லை. மீதியில் சிலவற்றைத் தொட்டதுகூட இல்லை. அட்டையைப் பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான்.

இணையத்தில் 'அடுத்து என்ன படிக்கலாம்?' என்று ஒரு வாசகர் குழு. யாராவது வந்து "மழை பெய்கிறது, ஏதாவது நாவல் சொல்லுங்கள்" என்பார்கள். "நிச்சயதார்த்தம் நின்றுவிட்டது, என்ன படிக்கலாம்?" என்பார்கள். மருந்துக்கடையில் வந்து தலைவலிக்கு மாத்திரை கேட்பதுபோலத்தான். கேட்ட ஐந்தாவது நிமிடம் என் பதில் அங்கே நிற்கும். மேற்கு மாம்பலத்து வீட்டிலிருந்து பெருங்குடி அலுவலகத்துக்குப் போய்ச் சேர ஒன்றரை மணி நேரம். அதில் புத்தகம் படிப்பதற்குப் பதினைந்து நிமிடம், புத்தகங்களைப் பற்றி எழுதுவதற்கு ஒன்றேகால் மணி நேரம் என்று ஒதுக்கியிருந்தேன்.

இதற்கென்று சில வாக்கியங்களைக் கைவசம் வைத்திருந்தேன். 'மொழிநடை அபாரம்.' 'மூடி வைத்த பிறகும் மனதை விட்டு அகலவில்லை.' (மூடி வைத்தது உண்மைதான்.) எல்லாவற்றுக்கும் மேலாக, என் முத்திரை வாக்கியம்: 'முடிவைச் சொல்ல மாட்டேன், நீங்களே படித்துத் தெரிந்துகொள்ளுங்கள்!' அதில் மட்டும் பொய்யே கிடையாது. எனக்குத் தெரிந்தால்தானே சொல்வதற்கு? ஆனால் குழுவில் எனக்கு நல்ல பெயர். 'வித்யா அக்கா சொன்னால் சரியாக இருக்கும்' என்று எழுதுவார்கள். நானும் வெட்கமில்லாமல் அதற்கு ஒரு இதயம் போட்டு வைப்பேன்.

நான்கு வருடங்களுக்கு முன்னால் ஒருநாள் பர்வீன் என்ற பெண் தன் அப்பாவைப் பற்றிக் குழுவில் எழுதியிருந்தாள். 'என் அத்தாவுக்கு அடுத்த வாரம் இதயத்தில் பைபாஸ் ஆபரேஷன். பயத்தில் சரியாகச் சாப்பிடுவதில்லை, பேசுவதில்லை. புத்தகம் என்றால் மட்டும் கையில் வாங்குவார். மனம்விட்டுச் சிரிக்க வைக்கிற நாவல் ஒன்று சொல்லுங்களேன்.'

அப்போது என் கைப்பையில் 'கூட்டு, பொரியல், முனிரத்தினம்' என்று ஒரு நாவல் இருந்தது. முனிரத்தினம் என்பவர் ஒரு மெஸ் நடத்துகிறார். யாராவது இரண்டாவது அப்பளம் கேட்டால் அவர்களுடைய ஏழு தலைமுறையையும் விசாரிப்பார். மின்சார ரயிலில் பக்கத்தில் இருப்பவர்கள் திரும்பிப் பார்க்கும்படி சிரித்திருக்கிறேன். அறுபத்து மூன்று பக்கம் வரை. அதற்குப் பிறகு அலுவலகத்தில் வேலை அதிகமாகி, அந்தப் பக்கத்தில் ஒரு ஸ்டிக்கர் பொட்டு அட்டையைச் சொருகி வைத்தவள், திரும்ப எடுக்கவேயில்லை.

'இதைவிடச் சிறந்த மருந்து கிடையாது. முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை சிரிப்பு. முடிவைச் சொல்ல மாட்டேன்!' என்று எழுதினேன். எழுபது பேருக்கு மேல் விருப்பம் போட்டார்கள். அன்றைக்கே வாங்கிவிட்டதாகப் பர்வீன் நன்றி சொன்னாள். எனக்கு ஒரு உயிரைக் காப்பாற்றிய திருப்தி.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியம், கத்தரிக்காய் வதக்கிக்கொண்டிருந்தபோது அவளிடமிருந்து தனியாக ஒரு செய்தி வந்தது.

'அக்கா, அத்தா நல்லா சிரிச்சிக்கிட்டே படிச்சார். நேத்து இருநூத்திப் பன்னெண்டாம் பக்கத்துல நிறுத்திட்டார். இப்ப ஆபரேஷனுக்கு வரவே மாட்டேன்னு சொல்றார். சாயங்காலம் அஞ்சு மணிக்கு அட்மிட் ஆகணும். நீங்க முழுசா படிச்சவங்க. அதுக்கப்புறம் நல்லதா ஏதாவது வருதா? ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா அவர்கிட்ட சொல்லுவேன்.'

இருநூற்றுப் பன்னிரண்டில் அப்படி என்னதான் இருக்கிறது? தெரியாது. தெரியாது என்று எழுதவேண்டிய விரல் என்ன எழுதியது தெரியுமா? 'அதைச் சொன்னால் வாசிப்பின் சுவை போய்விடுமே!' என்று எழுதி, பக்கத்தில் ஒரு கண்ணடிக்கும் பொம்மையையும் போட்டு அனுப்பியது. (பழக்க தோஷம். இன்றைக்கும் நினைத்தால் காது சுடுகிறது.)

ஓடிப்போய்ப் புத்தகத்தை எடுத்துப் பிரித்தேன். இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் முனிரத்தினம் மாரடைப்புக்காக அறுவை சிகிச்சை மேஜையில் படுத்திருந்தார். அதே பக்கத்தின் கடைசி வரியில் செத்துப்போயிருந்தார்.

"சேகர்! அந்த மெஸ்காரர் செத்துட்டார்!" என்று கத்தினேன்.

என் கணவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "எந்த மெஸ்ஸு? சாப்பாடு எப்பவுமே சுமார்தான்," என்றார். விஷயத்தைச் சொன்னதும் பேப்பரை மடித்து வைத்துவிட்டார். "எந்திரி. போன்ல மழுப்பாத. நேர்ல போ."

பர்வீனிடம் விலாசம் வாங்கிக்கொண்டு ஆட்டோவில் ஏறினேன். மாம்பலத்திலிருந்து மயிலாப்பூருக்குள், இருநூற்றுப் பன்னிரண்டுக்குப் பிறகு மீதி இருப்பதையெல்லாம் முடித்துவிடலாம் என்று அசட்டு நம்பிக்கை. ஒவ்வொரு வேகத்தடைக்கும் எழுத்து இரண்டிரண்டாகத் தெரிந்தது. ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "இன்னாக்கா, எக்ஸாமா?" என்றார். ஆமாம் என்று தலையாட்டினேன். குளத்துக்குப் பின்னால் அவர்கள் சந்து வருவதற்குள் முனிரத்தினத்தின் பதினாறாம் நாள் காரியம் வரைக்கும்தான் வர முடிந்தது. அதுவரை நல்லது எதுவும் நடந்திருக்கவில்லை.

இரண்டாவது மாடி வீடு. பர்வீன் கதவைத் திறந்தாள். அழுது அழுது கண் சிவந்திருந்தது. கூடத்தில் ஒரு பை தயாராகக் கட்டி வைத்திருந்தது. அதன் பக்கத்தில் பர்வீனின் அம்மா ஜைனப், போகவா வேண்டாமா என்று தெரியாமல் பிளாஸ்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். நாற்காலியில் பர்வீனின் அத்தா கமால் பாய் உட்கார்ந்திருந்தார். தி.நகர் கடைத்தெருச் சந்தில் முப்பது வருடமாகச் சூட்கேஸும் பையும் ரிப்பேர் செய்யும் கடை அவருடையது. கூட்டமில்லாத நேரத்தில் படித்துப் படித்துப் பழகியவர்.

"நீதான் வித்யாவா? வாம்மா. நல்ல புக்குதான் சொன்ன," என்றார். அதில் கிண்டல் இருந்ததா என்று எனக்கு இன்னும் தெரியாது.

"அங்கிள், பயப்படாதீங்க. போகப் போக எல்லாம் நல்லா ஆயிடும்," என்றேன்.

"செத்தவன் எப்டிம்மா நல்லா ஆவான்?"

"இல்ல… அது வந்து… ஆசிரியரோட பார்வை என்னன்னா…"

"பார்வைய வுடு. அவன் மச்சான் கல்லாவுல திருடிக்கினு இருந்தானே, அவன் இன்னா ஆனான்?"

மச்சானா? முனிரத்தினத்துக்கு மச்சான் உண்டா? "அவன் திருந்திடுவான் அங்கிள்," என்றேன்.

அவர் கையை நீட்டினார். "உன் புக்கக் குடு பாப்போம்."

கொடுத்தேன். அவர் புத்தகத்தைப் பிரிக்கவில்லை. சூட்கேஸின் கீலைப் பார்ப்பதுபோலத் திருப்பி, அதன் முதுகில் கட்டைவிரலை வைத்து மேலிருந்து கீழே தடவினார். பிறகு விளிம்பை வெளிச்சத்தில் பிடித்தார்.

"முன்னாடி ஒரு அறுவது பக்கம் நல்லா மடிஞ்சிகீது. இங்க நடுவுல ஒரு இருவது பக்கம், இன்னிக்குத்தான் பிரிச்சிகீற. மத்ததெல்லாம் கடைலேர்ந்து வந்த மாதிரியே கீது. பை எவ்ளோ தூரம் ஊர் சுத்திச்சின்னு கீலப் பாத்தே சொல்லுவேம்மா நான். நீ இத படிக்கவேயில்ல."

சொல்லி முடிப்பதற்கும், அறுபத்து மூன்றாம் பக்கத்திலிருந்து என் பொட்டு அட்டை அவர் மடியில் விழுவதற்கும் சரியாக இருந்தது. அதில் மெரூன் நிறத்தில் நான்கு பொட்டு பாக்கி.

பர்வீன் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை. ஒரு வாரமாக அவள் நம்பியிருந்தது என்னைத்தான்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. சினிமாவில் வருவதுபோல அழகாக ஒரு சொட்டு இல்லை. மூக்கு ஒழுகி, விக்கி, துப்பட்டாவையே நனைத்துவிட்ட அழுகை. "சாரி அங்கிள். நான் எதையும் முழுசா படிக்கறதில்ல. எல்லாரும் பாராட்டறாங்கன்னு எழுதிட்டேன். என்னால நீங்க ஆஸ்பத்திரிக்குப் போகாம உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா… தயவுசெஞ்சு போங்க அங்கிள். எனக்கு பயமாருக்கு."

கமால் பாய் பொட்டு அட்டையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அவர் தோள் குலுங்க ஆரம்பித்தது. நெஞ்சு வலிதான் வந்துவிட்டது என்று ஜைனப் அம்மா பிளாஸ்கைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தார். அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"எனக்குத்தான் பயம்னு நெனச்சேன். இவளப் பாருடி, என்ன வுட நடுங்குது. ஜைனபு, மொதல்ல இந்தப் பொண்ணுக்குத் தண்ணி குடு. வூட்டுக்கு வந்தவள அழவுடக் கூடாது." பிறகு என் பக்கம் குனிந்து, "அழாதம்மா. நான் போறேன். போதுமா?" என்றார்.

முந்தின நாளிலிருந்து பெற்ற பெண் அழுது ஆகாத காரியம், முன்பின் தெரியாத ஒரு பொய்க்காரி அழுது ஆகிவிட்டது. ஆனால் ஒரு கட்டளையும் போட்டார். "நாளைக்கு நான் உள்ள இருக்கற நேரத்துல நீ வெளிய ஒக்காந்து இத முடிக்கற. முழிச்சதும் மீதிக் கதைய எனக்குச் சொல்ற."

திங்கட்கிழமை அலுவலகத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, அடையாறில் இருந்த அந்த மருத்துவமனைக்குக் காலையிலேயே போய்விட்டேன். அறுபத்து நான்காம் பக்கத்தில் ஆரம்பித்தேன். பர்வீன் முதல் ஒரு மணி நேரம் என்னோடு பேசவில்லை. அப்புறம் அவளே ஒரு காபி வாங்கிக்கொண்டு வந்து வைத்தாள். நான் வாய்க்குள்ளேயே சிரிப்பதைப் பார்த்து ஜைனப் அம்மா, "இன்னாதான் எழுதிகீது, சத்தமா படிம்மா. அவன் செத்த எடத்த வுட்டுட்டு படி," என்றார். படித்தேன். மதியத்துக்குள் பக்கத்து நாற்காலிகளில் இருந்தவர்களும் நெருங்கி உட்கார்ந்துவிட்டார்கள். கதவு திறக்கும்போதெல்லாம் நிறுத்துவேன். டாக்டர் வேறு யார் பெயரையாவது சொல்லுவார். திரும்பப் படிப்பேன். என் வாழ்க்கையில் நான் அவ்வளவு உண்மையாக எதையும் படித்ததில்லை.

கடைசிப் பக்கமான முந்நூற்று எண்பத்து எட்டை முடித்துச் சிறிது நேரத்தில் எங்கள் பெயரைச் சொன்னார்கள். நல்லபடியாக முடிந்துவிட்டது என்றார்கள். ஜைனப் அம்மா என் கையை இறுக்கிப் பிடித்திருந்ததை அப்போதுதான் கவனித்தேன். வளையல் பதிந்திருந்தது.

இரண்டு நாள் கழித்து உள்ளே விட்டார்கள். குழாய்களுக்கு நடுவில் கமால் பாய் கண்ணைத் திறந்து, காற்றுபோன குரலில், "முனிரத்தினம்?" என்றார்.

இனிமேல் பொய் சொல்வதாக இல்லை. "அவர் திரும்பி வரல அத்தா," என்றேன். (அங்கிள் எப்போது அத்தா ஆனார் என்று தெரியவில்லை.) "ஆனா அவரோட சம்சாரம் மெஸ்ஸ எடுத்து நடத்தறாங்க. மச்சான வெளிய அனுப்பிட்டாங்க. வர்றவங்க எல்லாருக்கும், கேக்காமலே ரெண்டாவது அப்பளம் வெக்கறாங்க."

அவர் மெதுவாகத் தலையைத் திருப்பி ஜைனப் அம்மாவைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"இவளும் அதான் பண்ணுவா. வர்றவனுக்கெல்லாம் ஜிப்பு சும்மா மாட்டிக் குடுத்துடுவா. கடைய மூடிடுவாளேன்னுதான் நான் திரும்பி வந்தேன்," என்றார்.

ஜைனப் அம்மா அந்த ஒரு வாரத்தில் முதல் தடவையாக அழுதார்.

அந்த வாரமே குழுவில் எல்லாவற்றையும் எழுதி மன்னிப்புக் கேட்டேன். இரண்டு வீட்டிலும் இன்றைக்கும் இதுதான் பேச்சு. நான் எதைப்பற்றியாவது அளந்துவிட ஆரம்பித்தால் சேகர், "எத்தனாவது பக்கம்?" என்பார். பர்வீன் கல்யாணத்துக்குச் சரி என்று சொன்ன அன்று, அவள் அத்தா எல்லார் முன்னாலும், "பையன முழுசா படிச்சிட்டியா, இல்ல அறுவத்து மூணா?" என்று கேட்டார்.

உடம்பு தேறியதும் அவர் எங்கள் குழுவில் சேர்ந்தார். அதோடு என் பிழைப்பு போயிற்று. நான் எந்தப் புத்தகத்தைச் சொன்னாலும் முதல் ஆளாக வந்து, 'முதுகை போட்டோ எடுத்துப் போடும்மா' என்று எழுதுவார். இப்போது குழுவில் அதுவே சட்டமாகிவிட்டது. போன மாதம் நூறு பக்கமே படித்த ஒரு நாவலைச் சிபாரிசு செய்ய ஆசைப்பட்டு, முதுகைக் கையாலேயே நன்றாக மடித்து மடித்துப் படம் எடுத்துப் போட்டேன். இரண்டு நிமிடத்தில் பதில் வந்தது.

'இது படிச்சி மடிஞ்சதில்ல, கையால மடிச்சது. முடிச்சிட்டு வாம்மா. நான் எங்கயும் போயிடல, இங்கதான் இருப்பேன்.'

போனைக் கீழே வைத்துவிட்டு, நூற்றோராம் பக்கத்தைப் பிரித்தேன்.