படம் பார்க்காதோர் கருத்து

பொதுமக்கள் நலன் கருதி எங்கள் வட்டாரத்துக்குப் புதிதாக ஓர் அலுவலகம் கிடைத்தது. நாங்கள் கேட்டது குடிதண்ணீர். கிடைத்தது வட்டாரக் கருத்துச் சீரமைப்பு அலுவலகம். வந்ததை வேண்டாம் என்று சொல்லிப் பழக்கமில்லாததால் வாங்கி வைத்துக்கொண்டோம்.

அலுவலகம் வந்ததற்குக் காரணம் ஒரு பஸ்.

கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் விளாத்திகுளம் போகிற பஸ் புறப்படத் தயாராக நின்றது. டிரைவர் செல்லத்துரை சாவியில் கை வைத்த நேரம், முன் சீட்டில் இருந்தவர் பக்கத்தில் இருந்தவரிடம் புதுப்படம் ஒன்றைப் பற்றி, "பரவாயில்ல, பாக்கலாம்" என்று சொல்லிவிட்டார். செல்லத்துரை சாவியிலிருந்து கையை எடுத்துவிட்டுத் திரும்பினார்.

"எந்த இடம் அண்ணாச்சி பரவாயில்ல?"

"அந்த அம்மா சாகுத இடம்."

"அது ஒரு சாவா? அந்தக் காலத்துப் படத்துல ஒரு அம்மா சாகணும்னா வீட்ல உள்ள ஒவ்வொருத்தரையா கூப்பிட்டு, அவிய அவியளுக்குத் தக்கன புத்தி சொல்லி, கடைசியில மாட்டுக்கும் ஒரு வார்த்தை சொல்லிட்டுத்தான் சாவா. இவ என்னன்னா இருமுதா, செத்துப்போறா. அடுத்தாப்ல பாட்டு."

"பாட்டு நல்லாத்தான இருக்கு" என்றார் கண்டக்டர்.

அவ்வளவுதான். பஸ்ஸின் வலது பக்கம் பழைய படத்துக்கும் இடது பக்கம் புதுப்படத்துக்கும் நின்றது. பின்னால் இருந்த பெண்கள், ரெண்டு காலத்திலும் அம்மாக்காரி மட்டும்தான் சாகுதா, அப்பன் சாகுதானா என்று மூன்றாவதாக ஒரு கட்சி ஆரம்பித்தார்கள். கடலைமிட்டாய் விற்க ஏறினவர் இறங்கவே இல்லை. பொழுது அடைந்த பிறகுதான், பஸ் இன்னும் புறப்படவில்லை என்பது ஒருத்தருக்கு ஞாபகம் வந்தது. அதற்குள் போக வேண்டிய வேலையெல்லாம் எல்லாருக்கும் முடிந்துபோயிருந்தது.

'பேருந்து இயங்காமைக்கான காரணம்: கருத்து' என்று மேலிடத்துக்கு அறிக்கை போனது. மேலிடத்திலிருந்து பூவனநாதன் வந்தார்.

பூவனநாதன் கருத்துச் சீரமைப்பு அலுவலர். அமைதியான மனிதர், மொபெட்டில் வருவார். ஹெல்மெட்டைக் கழற்றி மேஜையின் வலது ஓரத்தில் வைத்த பிறகுதான் பேசத் தொடங்குவார். பேச்சில் பாதி 'மேற்படி'. அவர் வந்ததும் முதல் ஆணை வெளியானது:

'திரைப்படம் பழையதாயினும் புதியதாயினும், அதுகுறித்துப் பொது இடத்தில் கருத்துத் தெரிவிக்க விழைவோர் முன்அனுமதி பெறுதல் வேண்டும்.'

டீக்கடைகளில் 'இங்கு அரசியல் பேசாதீர்' என்ற பலகைகள் ஏற்கெனவே இருந்தன. அதன் கீழே 'சினிமாவும்' என்று சுண்ணாம்பில் எழுதிக்கொண்டார்கள். செலவு மிச்சம். அதன்பிறகு டீக்கடையில் பேசுவதற்கு டீயைத் தவிர வேறொன்றும் இல்லை. அது பேசும்படி இல்லை.

ஊர் இதைத் தாங்கிக்கொண்டது. சொர்ணத்தாயால்தான் தாங்க முடியவில்லை.

சொர்ணத்தாய் லிங்கராஜ் அண்ணாச்சியின் தீப்பெட்டி ஆபீஸில் பெட்டி அடைக்கிறவள். எங்கள் பக்கம் தீப்பெட்டிக் கம்பெனியை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். ஊரில் இருக்கிற ஆபீஸ்களில் உட்கார்ந்த இடத்தில் வேலை நடப்பது அங்கே மட்டும்தான். அங்கேயும் சொர்ணத்தாய் உட்கார்ந்திருக்கிற இடத்தில் நடக்காது. அவளுக்குக் கை அவ்வளவு மந்தம். அவள் ஒரு பெட்டிக்குள் குச்சியை அடைத்து மூடுவதற்குள் பக்கத்தில் இருக்கிற இசக்கியம்மாள் ஒரு வரிசையையே முடித்துவிடுவாள்.

அவளை அண்ணாச்சி வைத்திருந்தது கைக்காக இல்லை, வாய்க்காக. ஞாயிற்றுக்கிழமை ஒரு படம் பார்த்துவிட்டு வந்து திங்கட்கிழமை சொல்வாள். தியேட்டரில் புதுப்படம், இல்லாவிட்டால் டி.வி.யில் பழைய படம். அவள் சொல்லச் சொல்ல மற்ற பெண்கள் பெட்டி அடைப்பார்கள். இதில் அண்ணாச்சி ஒரு தொழில் நுணுக்கம் கண்டுபிடித்து வைத்திருந்தார். படம் நல்ல படமென்றால் பெண்கள் வாயைப் பிளந்து கேட்பார்கள், கண்ணைத் துடைப்பார்கள், கை நின்றுபோகும். படம் மோசமென்றால் சிரிப்பு. சிரிக்கச் சிரிக்கக் கை பறக்கும். ஆகவே சனிக்கிழமை சாயங்காலம் அண்ணாச்சி வாசலில் நின்று சொல்லி அனுப்புவார்:

"சொர்ணம், லோடு நிறையக் கிடக்கு. நாளைக்குப் பாத்து ஏதாவது கேடுகெட்ட படமா பாத்துட்டு வா தாயி."

"இப்ப வாரதுல தேடவா செய்யணும் அண்ணாச்சி?" என்பாள் அவள்.

இப்படி ஒழுங்காக நடந்துகொண்டிருந்த தொழிலில் ஆணை வந்து விழுந்தது. ஒரு திங்கட்கிழமை வாய் பேசாமல் வேலை நடந்தது. சாயங்காலம் பார்த்தால் பாதிக் குச்சி தரையில் கிடந்தது. இரண்டு பேர் தூங்கியிருந்தார்கள். அண்ணாச்சி சொர்ணத்தாயைக் கூப்பிட்டார்.

"வருத்தப்படாத. பேச்சு இல்லன்னா உன்னைய நான் எந்தக் கணக்குல வச்சுக்கிடுதது? அடுத்த வாரத்துக்குள்ள அனுமதி வாங்கிட்டு வந்தா வேல இருக்கு. இல்லன்னா நான் என்ன செய்ய, சொல்லு."

அவள் அரைநாள் லீவு போட்டு அலுவலகத்துக்குப் போனாள். பூவனநாதன் ஹெல்மெட்டைக் கழற்றி வைத்துவிட்டு ஆரம்பித்தார்.

"மேற்படி படத்தை நீங்கள் பார்த்தீர்களா?"

"பாத்தேன் சார். காசு குடுத்துத்தான் பாத்தேன்."

"அப்படியானால் அனுமதி இல்லை."

"ஏன் சார்?"

"பார்த்தவர் சம்பந்தப்பட்டவர். சம்பந்தப்பட்டவர் சொல்வது ஒருதலைப்பட்சம். படத்தை அறவே பார்க்காதவர்தான் நடுநிலையாளர். அவர் சொல்வதே கருத்து."

"பாக்காம எப்படி சார் சொல்லுதது?"

பூவனநாதன் பொறுமையாகச் சிரித்தார். "பார்த்துவிட்டு யார் வேண்டுமானாலும் சொல்லிவிடலாமே அம்மா. அதற்கு ஒரு அலுவலகம் எதற்கு?"

சொர்ணத்தாய் கொஞ்சம் யோசித்தாள். "சரி சார். அப்ப நான் படம் பாக்கல. படம் நல்லால்ல."

"குறை சொல்வதென்றால் பாதிக்கப்பட்டிருக்க வேண்டும். பாதிப்பு என்பது பார்த்தால்தான் வரும். பார்த்தவர் கருத்துச் சொல்ல இயலாது. ஆகவே குறைக்கு இடமில்லை. நிறை மட்டும் சொல்லலாம்."

"அப்ப எல்லாப் படமும் நல்ல படமா சார்?"

"இந்த வட்டாரத்தில், ஆம்."

அனுமதி கிடைத்தது. 'நடுநிலைக் கருத்தாளர்' என்று பெயர் போட்டு, கழுத்தில் மாட்டிக்கொள்ள ஓர் அட்டையும் கொடுத்தார்கள். அவள் அதை மாட்டிக்கொண்டு வந்து ஆபீஸில் உட்கார்ந்து, பார்க்காத படத்தைப் பற்றி, "அருமையான படம். எல்லாரும் நல்லா நடிச்சிருக்காவ" என்றாள். அதற்குமேல் என்ன சொல்ல என்று அவளுக்குத் தெரியவில்லை. கேட்டவர்களுக்குக் கொட்டாவி வந்தது. கை முன்னைவிட மெதுவாகப் போனது. லிங்கராஜ் அண்ணாச்சி தன் அறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

இதற்கிடையில் பார்க்காமல் இருப்பது ஊரில் ஒரு நாகரிகமாகவே ஆகிவிட்டது. முன்பெல்லாம் முதல்நாள் முதல் காட்சி பார்த்தவனுக்குத்தான் மதிப்பு. இப்போது பார்க்காதவனுக்கு. செல்போனை நீட்டிப் பிடித்துப் படத்துக்கு நட்சத்திரம் கொடுக்கிற பையன்கள், "வணக்கம் மக்களே, நான் இன்னும் படம் பாக்கல" என்று பெருமையாக ஆரம்பித்தார்கள். கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்துகொண்டு, "நான் டிரெய்லரே பாக்கலயே" என்று ஒருத்தர் சொன்னால், "நான் போஸ்டரே பாக்கல" என்று அடுத்த இலைக்காரர் ஜெயித்துவிடுவார். எல்லாப் படமும் நல்ல படமென்று அலுவலகத்திலிருந்து மேலிடத்துக்கு அறிக்கை போய்க்கொண்டிருந்தது. இவ்வளவு நடந்தும் தியேட்டர் மேனேஜர் மாயகிருஷ்ணன் மட்டும் ஒரு புகாரும் கொடுக்கவில்லை. அது ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. சொர்ணத்தாய் வீட்டில் இருப்புக் கொள்ளாமல் கிடந்தாள். நாளைக்கும் இதே கதையென்றால் வேலை போய்விடும். நல்லது மட்டும்தான் சொல்ல வேண்டும், ஆனால் சிரிப்பு வர வேண்டும். அதற்குப் படத்தைப் பார்த்தாக வேண்டும். பார்த்தால் அட்டை போய்விடும். கடைசியில் முந்தானையைத் தலையைச் சுற்றிக் கண் மட்டும் தெரிகிறாற்போலப் போட்டுக்கொண்டு, மத்தியான ஆட்டத்துக்குக் கிளம்பிவிட்டாள்.

உள்ளே விளக்கு அணைத்த பிறகுதான் போனாள். காலி சீட்டுக்குத் தடவித் தடவிப் போக வேண்டியிருந்தது. கூட்டம் அப்படி. வெயிலுக்கு என்பதுபோல ஆண்களெல்லாம் துண்டை முகத்தைச் சுற்றிக் கட்டியிருந்தார்கள், பெண்களெல்லாம் முக்காடு. அவள் பக்கத்துச் சீட்டில் ஒருத்தர் ஹெல்மெட்டோடு உட்கார்ந்திருந்தார். படத்தில் அம்மா செத்தபோது ஹெல்மெட்டுக்குள்ளிருந்து மூக்கு உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. இடைவேளையில் விளக்கு எரிந்ததும் தியேட்டர் மொத்தமும் ஒரே நேரத்தில் குனிந்து செருப்பைத் தேடியது.

திங்கட்கிழமை காலையில் சொர்ணத்தாய் அட்டையை மாட்டிக்கொண்டு ஆரம்பித்தாள்.

"நான் படம் பாக்கலட்டி. ஆனா என்னா அருமையான படம்! மழை பெய்யுது. கரிசக்காடு. கதாநாயகன் வெறுங்காலோட ஓடுதான். நம்ம வீட்டு ஆம்பள ஓடினா ரெண்டு எட்டுல காலு உரல் மாதிரி ஆயிரும். மண்ணு அப்பி அப்பி ஆளு ஒரு முழம் வளந்து நிப்பான். இவன் பாதத்துல ஒரு பொட்டு ஒட்டணுமே! கட்டின வெள்ள வேட்டி வெள்ளையாவே இருக்கு. அப்படி ஒரு தெய்வீகமான காலு."

இசக்கியம்மாளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "பெறகு?"

"பெறகு என்ன, அந்தப் புள்ள பருத்தி எடுக்குதா. மழையில நின்னு நனஞ்ச பருத்தி எடுக்குத பொம்பளைய நான் இப்பத்தான் கேள்விப்படுதேன். அதுவும் பட்டுச்சேலை கட்டிக்கிட்டு! என்னா உழைப்பு, என்னா உழைப்பு! பாராட்டாம இருக்க முடியல."

ஆபீஸே குலுங்கியது. பெட்டிகள் பறந்தன. லிங்கராஜ் அண்ணாச்சி அறையில் கை தேய்த்துக்கொண்டார். அந்த நேரம் பார்த்து வாசலில் மொபெட் வந்து நின்றது. திடீர் ஆய்வு. பூவனநாதன் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையிடுக்கில் வைத்துக்கொண்டு உள்ளே வந்தார்.

"நிறுத்த வேண்டாம். தொடருங்கள்" என்றார். கொஞ்ச நேரம் கேட்டார். "மேற்படி கருத்து முழுவதும் பாராட்டாகவே உள்ளது. பின் ஏன் சிரிக்கிறார்கள்?"

"சந்தோசம் சார்" என்றாள் இசக்கியம்மாள்.

"பார்க்காமல் இவ்வளவு விவரம் எப்படி?"

சொர்ணத்தாய் அட்டையைப் பிடித்துக்கொண்டாள். "எல்லாம் ஊகம்தான் சார். அவன் அப்படியே ஓடிப்போய் அந்தப் புள்ள வீட்டு வாசல்ல நிக்கான்னு ஊகிக்கேன்."

"வீடு இல்லை. பருத்தி குடோன்" என்றார் பூவனநாதன்.

ஆபீஸில் குச்சி விழுந்தால் கேட்கும். ஏகப்பட்ட குச்சி விழுந்தது.

"ஆமா, குடோன்தான்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டாள் இசக்கியம்மாள். "நீலக் கதவு போட்டிருக்கும்."

"பச்சக் கதவுட்டி" என்றது பின்வரிசை.

"கதவே கிடையாது. ஷட்டரு" என்று அறைக்குள்ளிருந்து லிங்கராஜ் அண்ணாச்சியின் குரல் வந்தது. வந்த பிறகுதான் அவருக்கே தெரிந்தது.

எல்லாரும் எல்லாரையும் பார்த்தார்கள். பூவனநாதன் கண்ணாடியைக் கழற்றி நெடுநேரம் துடைத்தார்.

"மேற்படி குடோனை," என்றார், "நானும் ஊகித்தேன்."

"நல்ல ஊரு சார். ஊகம் எல்லாருக்கும் ஒண்ணுபோலவே வருது" என்றாள் சொர்ணத்தாய்.

அவர் அவளுடைய அட்டையை வாங்கி, அதில் 'நிரந்தரம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போனார். அந்த ஹெல்மெட்டை எங்கேயோ பார்த்த மாதிரி அவளுக்கு இருந்தது. பார்த்ததாகச் சொன்னால் அவள் சம்பந்தப்பட்டவளாகிவிடுவாள். சொல்லவில்லை. வேலை நிலைத்தது.

அதன்பிறகு அலுவலகம் இன்னும் வளர்ந்தது. வெற்றிகரமான முறை என்பதால் மற்ற துறைகளுக்கும் விரிவுபடுத்தினார்கள். ரோட்டைப் பற்றி அந்த ரோட்டில் போகாதவர்களிடம் கேட்டார்கள். குடிதண்ணீரைப் பற்றித் தண்ணீர் வராத தெருக்காரர்களிடம் கேட்டார்கள். குடிக்காத அவர்களைவிட நடுநிலையாளர் யார்? அவர்களும் கழுத்தில் அட்டையோடு, "நல்லாத்தான் இருக்கும்" என்றார்கள். எல்லாத் தெருவும் அப்படித்தான் சொன்னது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியான ஆட்டத்துக்கு இப்போதும் ஊரே போகிறது. செருப்புத் தேடுகிற சிரமம் வேண்டாமென்று மாயகிருஷ்ணன் இடைவேளைக்கு விளக்குப் போடுவதையே நிறுத்திவிட்டார். இருட்டிலேயே வடை விற்கிறது. போன வாரம் சொர்ணத்தாய் ஒன்று வாங்குமுன் பக்கத்துச் சீட்டுத் துண்டுக்காரரிடம், "வடை எப்படி அண்ணாச்சி?" என்று கேட்டாள்.

"நான் திங்கலையே தாயி. அருமையா இருக்கும்" என்றார் அவர், வாய் நிறைய வடையோடு.

அவளும் வாங்கிக் கடித்தாள். என்றைக்குச் சுட்டதோ, தொண்டையில் போய் உட்கார்ந்துகொண்டது. விக்கல் எடுத்து, "தண்ணி, தண்ணி" என்றாள். தியேட்டர் முழுவதும் தேடிப் பார்த்ததில் யாரிடமும் ஒரு மடக்குத் தண்ணீர் இல்லை. இருட்டில், ஹெல்மெட்டுக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஒரு குரல் மட்டும் அமைதியாகச் சொன்னது:

"மேற்படி தண்ணீர் மிகவும் சிறப்பாக உள்ளது."

ஊரே இருட்டில் கை தட்டியது.