ஈஜோக் வரனுக்கு நான் எழுதிய ஆங்கிலக் கடிதம்

புக்கிட் பெலிம்பிங்,
12.8.1984

மதிப்பிற்குரிய உமாபதி மாமாவுக்கு, லீலாவதி வணங்கி எழுதுவது. இங்கே அப்பாவைத் தவிர எல்லாரும் நலம். பத்தாங் காலியில் நீங்களும் அத்தையும் நலமாக இருக்க மாரியம்மனை வேண்டுகிறேன்.

மாமா, சந்திரிகா அக்காவுக்கு நீங்கள் பேசிவைத்த ஈஜோக் வரன் என்னால் கெட்டுப்போனது. மாப்பிள்ளை ரவாங்கில் ஆபீஸ் வேலை என்பதால் பெண்ணின் விவரத்தை ஆங்கிலத்தில் கேட்டார்கள். அக்கா ஐந்தாம் படிவம் முடித்தவள்தான். ஆனால் கல்யாணப் பெண் தன்னைப் பற்றித் தானே எழுதுவது அழகில்லை என்று அப்பா சொல்லிவிட்டதால், மூன்றாம் படிவத்தோடு நின்ற நான் எழுதினேன். அந்த வாரம் கருவாடு சுற்றிவந்த ஆங்கிலப் பேப்பரில், திருடன் என்பதற்கு முன்னால் 'அலெஜ்ட்' என்று போட்டிருந்தது. அகராதியில் பார்த்தேன். 'சொல்லப்படுகிற' என்று பொருள், நிரூபணமாகாத எதற்கும் முன்னால் அதைப் போட வேண்டுமாம். என்னைப் போலவே பயந்த சொல், பிடித்துப்போனது. அக்காவின் பிறந்த தேதி தோட்ட ஆபீஸ் கிராணி குத்துமதிப்பாகப் பதிந்தது என்று அம்மாவே சொல்லியிருக்கிறாள், அதனால் வயதுக்கு முன்னால் போட்டேன். நன்றாகச் சமைப்பாள் என்று எழுதச் சொன்னார் அப்பா. வீட்டில் சமைப்பது அம்மா, அங்கேயும் போட்டேன். நல்ல குணம் என்றார். கூடப் பிறந்தவள் சொல்லும் சாட்சியை யார் ஏற்பார்கள், அங்கேயும் போட்டேன். மூன்றே இடம். பெண்ணுக்குச் சம்மதம் என்று அப்பா சொன்ன கடைசி வரியை மட்டும் அப்படியே எழுதினேன். அக்காதான் தபாலில் போட்டாள்.

போன ஞாயிறு அப்பா ஈஜோக் போனபோது, மாப்பிள்ளையின் அம்மா கடிதத்தை அவர் முன்னால் வைத்தாராம்.

"போலீஸ் கேசுல போடுற வார்த்தையாமே இது. நாலு எடத்துல இருக்கு. ஒங்க மக கொணத்துல என்னா கேசு?"

"சின்னப் புள்ள எழுதுனதுலா."

"சின்னப் புள்ளதான் உண்மைய எழுதும்."

கொடுத்த தேநீரைத் தொடாமல் அப்பா கடிதத்தோடு திரும்பிவிட்டார். வந்ததும், "நல்ல கொணம்னு எழுதச் சொன்னா சாட்சியா தேடுற?" என்று கேட்டு, கடிதத்தைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகினார். அதன் பிறகு என்னோடு பேச்சில்லை. மூன்றை அவர்கள் நான்கு என்று எண்ணியிருக்கிறார்கள், ஆனால் எந்த வாயால் வாதாடுவது? அக்கா ஒரு வார்த்தை திட்டவில்லை. தினமும் எனக்குத் தலை பின்னிவிடுகிறாள். அதுதான் தாங்க முடியவில்லை.

நீங்கள் ஒருமுறை ஈஜோக் போய், எழுதிய பிள்ளைக்கு விவரம் பத்தாது என்று சொல்லுங்கள் மாமா. அத்தைக்கு என் வணக்கம்.

உங்கள் மருமகள்,
லீலாவதி

பி.கு.: ஈஜோக் போக வேண்டாம் மாமா. இந்த உறையை ஒட்டும் முன், சாமி படத்துக்குப் பின்னாலிருந்த அந்தக் கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். நான்குதான். நான்காவது, 'சம்மதம்' என்பதற்கு முன்னால், அக்காவின் சாய்ந்த கையெழுத்தில் நெருக்கி எழுதியிருக்கிறது. கேட்டேன். "எல்லாத்துக்கும் சாட்சி தேடுனியே, என்னைய ஒரு வார்த்தை கேட்டியாடி?" என்றாள். மற்ற மூன்றுக்கும் இனி வருந்த மாட்டேன். அந்த ஒன்றை நான் போடாமல் விட்டதற்குத்தான் வருந்துகிறேன். இதை அப்பாவிடம் நீங்களே சொல்லிவிடுங்கள்.