ஆடித் தள்ளுபடியும் ஐவாஷ் அண்ணனும்

தி.நகரில் ஒரு நாளைக்கு எத்தனை பொய் விற்றாலும், அத்தனைக்கும் சரியான இங்கிலீஷ் பெயர் தெரிந்த ஒரே மனிதர் ஐவாஷ் அண்ணன்தான்.

நாங்கள் வேலை பார்த்த ஜவுளிக்கடையில் அவர் புடவைப் பிரிவு, நான் பில் கவுன்டர். "எதிர்க்கடையில பாதி விலைக்குத் தர்றான்" என்று யாராவது பேரம் பேசினால், புடவையை மடித்துக்கொண்டே "பிளஃப்" என்பார். கோபமே இருக்காது, மழை வருகிறது என்று சொல்வதுபோலச் சொல்வார். "இந்தக் கலர் உங்களுக்கு எடுப்பா கீது மேடம்" என்று அவரே சொல்ல நேர்ந்தால், "ஒயிட் லை" என்று சேர்த்துக்கொள்வார். அந்த அம்மாக்கள் சிரித்துக்கொண்டே வாங்கிப் போனதுதான் ஆச்சரியம்.

ஆடி வந்தது. வழக்கப்படி, விலையை ஏற்றி ஸ்டிக்கர் ஒட்டி, அதை அடித்து, பழைய விலையையே தள்ளுபடி விலையாக எழுதினோம்.

"நெஜமாவே பாதி விலையா?" என்றார் ஒரு வாடிக்கையாளர்.

"ஐவாஷ் மேடம்."

வெறும் கண்துடைப்பு என்று புரிந்துகொண்ட அந்த அம்மா சிரித்தபடி படியிறங்கிப் போய்விட்டார். முதலாளி அண்ணாச்சி பார்த்துவிட்டார். அவருடைய இங்கிலீஷ் விலை சொல்வதோடு சரி. எங்கள் வீட்டிலேயே முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போய், கொஞ்சம் இங்கிலீஷும் படித்தவன் என்பதால், கடையின் மொழிபெயர்ப்பு இலாகா என் தலையில்.

"எலேய், இவரு என்னமோ சொன்னாரு, வந்த யாவாரம் போயிட்டு. என்ன அர்த்தம்? ஏடாகூடமா இருந்தா இன்னைக்கே ஆளு வீட்டுக்குப் போவட்டும்."

அண்ணனுக்குப் பள்ளிக்கூடம் போகிற பெண்கள் இரண்டு.

"ஆஃபர் பிரமாதம்னு அர்த்தம் அண்ணாச்சி."

"காக் அண்ட் புல் ஸ்டோரி" என்று என் கட்டுக்கதைக்கும் பெயர் வைத்தார் அண்ணன், அமைதியாக.

"இப்ப என்ன சொல்லுதாரு?"

"கூட்டம் அள்ளும்ங்கறாரு."

"ஷியர் ஃபேப்ரிகேஷன்."

"இது?"

"முதலாளி தங்கமான மனுசன்னு..."

அண்ணாச்சியின் முகம் மலர்ந்தது. அண்ணன் வாயைத் திறந்தார். என் காதைப் பார்த்தார். மூடிக்கொண்டார்.

"அத தமிழ்லயே சொல்லப்படாதா வே!" என்று சொல்லிவிட்டு அண்ணாச்சி கல்லாவுக்குத் திரும்பினார்.

சாயங்காலம் அண்ணன் டீ வாங்கிக் கொடுத்தார். "பொய் சொல்லச்சொல்ல காது செவக்குது நைனா உனக்கு. நமக்கு வாணாம் இந்த வேலை."

ஊரைவிட்டுச் சென்னைக்கு வந்ததிலிருந்து அதுவரை யாரும் என்னை அப்படிப் பாசமாக, நைனா என்று கூப்பிட்டதில்லை.