ராடார் அக்கா கொடுத்த மனு

ஏவுகணைத் தடுப்பைப் பற்றி இந்த உலகத்தில் மூன்றே பேர்தான் உட்கார்ந்தாலும் எழுந்தாலும் கவலைப்பட்டார்கள் என்பது என் துணிபு. இரண்டு பேர் வல்லரசுத் தலைவர்கள். மூன்றாமவர் பாளையங்கோட்டையில் ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தார். முதல் இருவரின் கவலை எவ்வளவு அசல் என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. மூன்றாமவர் விஷயத்தில் துளியும் கிடையாது. அந்தக் கவலையால் என் மூன்று ஜாக்கெட்டுகள் ஐந்து மாதம் தாமதமாயின.

நான் அப்போது ஓர் இன்சூரன்ஸ் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்து, வேலை பார்க்கும் பெண்களுக்கான விடுதி ஒன்றில் மாடி அறையில் இருந்தேன். கீழே தெருவைப் பார்த்த ஒற்றை அறைதான் அக்காவின் தையல் கடை. பலகையில் ஏதோ பெயர் எழுதியிருந்தது. வெயிலில் வெளிறிப்போனதால் அதை யாரும் படித்ததில்லை. விடுதிப் பெண்கள் எல்லோருக்கும் அவர் ராடார் அக்கா.

முதல் நாள் துணியும் அளவு ஜாக்கெட்டுமாகப் போய் நின்றேன். மற்ற தையல் கடைகளில் நடிகைகளின் படம் ஒட்டியிருக்கும் சுவரில், இங்கே பள்ளிக்கூடத்து உலக வரைபடம் ஒன்று தொங்கியது. அதில் வளைகுடாப் பக்கம் துணியில் கோடு போடுகிற சாக்குக் கட்டியால் வட்டம் வட்டமாக வரைந்திருந்தது. அக்கா இஞ்ச் டேப்பின் ஒரு முனையை ஒரு புள்ளியில் அழுத்திக்கொண்டு, மறுமுனையைக் கடலுக்குள் இழுத்துக்கொண்டிருந்தார்.

"ஒரு இஞ்சு பத்தல," என்றார் என்னைப் பார்த்து.

"எனக்கா அக்கா?"

"ஒனக்கு எதுக்குட்டி? தம்பிக்குச் சொல்லுதேன். மறிக்கித ராக்கெட்டு துறைமுகத்தோட நின்னுருது. அவன் வல போடுத எடம் வெளிய கெடக்கு."

பிறகு எனக்குத் தோள் அளவு எடுத்தபடியே விளக்கினார். அக்காவுக்குச் சொந்த ஊர் தெற்கே கடற்கரை. அப்பா, அம்மா இல்லை. ஒரே தம்பி ரூபன், வளைகுடாவில் ஒரு சின்ன நாட்டில் மீன்பிடி படகில் வேலை. அந்த நாட்டுக்கு வானத்தில் ஏதாவது வந்தால், வருகிற வழியிலேயே மறித்து உடைக்க ஏவுகணைகள் உண்டு. ஆனால் அவை அந்த நாட்டுக்குச் சொந்தமில்லை. ஒரு வல்லரசு கொண்டுவந்து வைத்தவை. இன்னொரு வல்லரசுக்கு அது பிடிக்கவில்லை.

நாடுகளின் பெயரை நான் எழுதப் போவதில்லை. இந்தப் பத்திரிகையின் ஆசிரியர் பயந்த சுபாவம். அக்காவும் எழுதும்போதுதான் பெயர் சொல்வார். பேச்சில் ஒரு வல்லரசு மேலவீட்டுக்காரர், மற்றது கீழவீட்டுக்காரர், சின்ன நாடு 'தம்பி இருக்க ஊரு'.

"கீழவீட்டுக்காரரு சொல்லுதாரு, 'நீ அங்கன வச்சிருக்கத எடு, நான் இங்கன வச்சிருக்கதக் கொறைக்கேன்'னு. மேலவீட்டுக்காரரு, 'எடுக்கேன், ஆனா எனக்கு வேற ஒண்ணு வேணும்'ங்காரு. ரெண்டு பேரும் மூணாவது ஊர்ல உக்காந்து பேசுதாவ. கைய மடக்கு."

மடக்கினேன். ஜாக்கெட் எப்போது கிடைக்கும் என்று கேட்டேன்.

"பேச்சு முடியட்டும்ட்டி."

நான் விளையாட்டு என்று நினைத்தேன். அது விளையாட்டு இல்லை என்பதைப் பழைய ஜாக்கெட்டோடு மூன்று கல்யாணங்களுக்குப் போனபிறகு புரிந்துகொண்டேன்.

பேச்சுவார்த்தை நல்லபடியாகப் போனால் அக்காவின் தையல் நூல் பிடித்த மாதிரி இருக்கும். இழுபறி என்றால் கழுத்து இறங்கிவிடும். விடுதிப் பெண்கள் செய்தி பார்த்துவிட்டுத்தான் துணி கொடுப்பார்கள். எங்கள் மாடியில் பல் மருத்துவமனை வரவேற்பாளர் ஒருத்தி இருந்தாள். தலைவர்கள் கைகுலுக்காமல் பிரிந்தார்கள் என்று தெரிந்ததும், பட்டுத் துணியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கியவள் அப்படியே திரும்பி வந்துவிட்டாள்.

அம்பாசமுத்திரத்திலிருந்து வந்த அம்மாள் ஒருவருக்கு இந்த விவரம் தெரியாது. மகளுக்குக் கல்யாண ஜாக்கெட் கொடுத்திருந்தார். முகூர்த்தத்துக்கு மூன்று நாள் முன்னால் வாங்க வந்து, பிரித்துப் பார்த்து, அலறினார்.

"ஏளா, என்ன இது? ரெண்டு கையும் எடது கையா இருக்கு! எம் மவ என்ன பொம்மையா?"

அக்கா வாங்கிப் பார்த்தார். உண்மைதான்.

"செவ்வாக்கெழம தச்சது," என்றார் தாழ்ந்த குரலில். "அன்னைக்குத்தான் பேச்சு முறிஞ்சிது."

"எந்தப் பேச்சு? யாரு கல்யாணத்துக்கு?"

அக்கா வேறு கையை வெட்டிக்கொண்டே சொன்னார். அந்த அம்மாள் ஆத்திரத்தோடு ஸ்டூலில் உட்கார்ந்தார். கதையில் மேலவீட்டுக்காரர் வந்தார்; கீழவீட்டுக்காரர் வந்தார். கையைப் பிரித்து, வெட்டி, மறுபடி மூட்டுவதற்குள் அம்மாளின் ஆத்திரம் மெல்ல வேறு பக்கம் திரும்பியது.

"அப்பம் அந்தச் சின்ன ஊரு ஆளுகள ஒரு வார்த்த கேக்கலியா?"

"கேக்கல."

"என்ன அநியாயம் இது? நாங்க கல்யாணம் பேசும்போதே பொண்ண ஒரு வார்த்த கேட்டுத்தான பாக்கு வெத்தல மாத்தினோம்! நீ சும்மாவா இருக்க? எங்கயாவது எழுதிப் போடு."

இந்த அம்மாள் ஏற்றிவிட்டுப் போனதுதான் அடுத்து நடந்த எல்லாவற்றுக்கும் காரணம்.

மறுநாள் அக்கா என்னைக் கூப்பிட்டு, ஒரு மனு எழுதித் தரச் சொன்னார். இன்சூரன்ஸ் அலுவலகத்தில் இருப்பவளுக்கு அரசாங்கத் தமிழ் வரும் என்று அவருக்கு நம்பிக்கை. என் மூன்று ஜாக்கெட்டும் அவர் கையில் இருந்ததால் நான் மறுக்கும் நிலையில் இல்லை. எழுதினேன். 'பொருள்: நட்பு நாட்டில் நிறுவப்பட்டுள்ள ஏவுகணைத் தடுப்புத் தளவாடங்களை, மேற்படி நாட்டு மக்களின் கருத்தைக் கேளாமல் அப்புறப்படுத்தாதிருக்கக் கோருதல் தொடர்பாக.' அக்கா வாசித்துவிட்டு, "நல்லாருக்குட்டி. 'பணிந்து'ன்னு ஒரு வார்த்த சேத்துக்க. கேக்கது நாமல்லா," என்றார்.

திங்கட்கிழமை மனு வாங்குகிற அலுவலகம் ஒன்றுக்குப் போனோம். எந்த ஊரில், எந்த அலுவலகம் என்று சொல்ல மாட்டேன். அங்கே கணினி முன்னால் இருந்தவர் மிக நல்ல மனிதர். மனுவை இரண்டு தடவை படித்தார். சிரிக்கவில்லை. அதுவே பெரிய விஷயம்.

"எந்தத் தாலுகாம்மா?"

"தாலுகா இல்ல சார். வெளிநாடு."

"தாலுகா போடலன்னா இது அடுத்த பக்கத்துக்கு நகராதும்மா."

அக்கா யோசித்துவிட்டுத் தன் சொந்த ஊர்த் தாலுகாவைச் சொன்னார். அடுத்து, மனு எந்த வகை என்று கணினி கேட்டது. குடிநீர், பட்டா, முதியோர் உதவி என்று வரிசை ஓடியது. ஏவுகணை இல்லை. இருப்பதிலேயே கிட்டத்தில் வருவது என்று அவர் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். அக்காவின் கைபேசிக்குக் குறுஞ்செய்தி வந்தது. மனு ஏற்கப்பட்டது. வகை: ஆக்கிரமிப்பு அகற்றுதல்.

ஒன்பதாம் நாள் கடை வாசலில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. முப்பது வயதிருக்கும் ஒருவர், அக்காவின் சொந்த ஊர்க் கிராம நிர்வாக அலுவலர், கையில் கோப்போடு இறங்கினார். நான் அன்றைக்கு அரை நாள் விடுப்பில் கடையில்தான் இருந்தேன், ஜாக்கெட்டுக்காக.

"யக்கா, நீங்க குடுத்த மனு எங்கிட்ட வந்திருக்கு," என்றார். "அந்தத் தளவாடம் எந்த சர்வே நம்பர்ல இருக்குன்னு போடலியே? பட்டா நெலமா, பொறம்போக்கா?"

"அது நம்ம ஊர்ல இல்ல தம்பி."

"நானும் ரெண்டு நாளா சுத்திப் பாத்துட்டேன். உப்பளம் வரைக்கும் போனேன். கரண்டு எடுக்க காத்தாடிதான் நிக்கி. அதச் சொல்லுதீங்களோன்னு நெனச்சேன். எங்க இருக்குன்னு காட்டினீங்கன்னா அகத்திருவோம்."

"அய்யோ, அகத்தக் கூடாதுன்னுதான தம்பி மனு!"

அவர் கோப்பைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். அக்கா அவரை வரைபடத்துக்கு முன்னால் நிறுத்தி, இஞ்ச் டேப்பைப் பிடித்தார். வந்தவர் ஒன்றரை மணி நேரம் கேட்டார். எனக்கு அவர்மேல் பெரும் மரியாதை வந்தது. கடைசியில் பேனாவைத் திறந்தார்.

"மனுவ முடிக்கணும்லா யக்கா. 'தல ஆய்வு செய்யப்பட்டது. மேற்படி ஏவுகணை எதுவும் கிராம எல்லைக்குள் காணப்படவில்லை'ன்னு எழுதிரட்டா?"

"எழுதிக்கிடுங்க. உள்ளதத்தான எழுதணும்."

எழுதி முடித்து எழுந்தவர், வாசல் வரை போய்த் திரும்பினார்.

"தம்பி பேரு என்னக்கா?"

அக்கா டேப்பைச் சுருட்டி வைத்துவிட்டு, ஸ்டூலை அவர் பக்கம் நகர்த்தினார். இத்தனை மாதமாக நாங்கள் எல்லோரும் ஏவுகணையைப் பற்றிக் கேட்டுச் சிரித்திருந்தோம். யாரும் தம்பியைப் பற்றி விசாரித்ததில்லை. அந்த மனிதர் மறுபடி உட்கார்ந்தார். வெளிநாட்டில் இருப்பவர்களைப் பதிவுசெய்ய ஒரு வழி இருக்கிறது, ஏதாவது ஆனால் உதவும் என்று சொல்லி, ரூபனின் பெயர், பாஸ்போர்ட் எண், படகு முதலாளியின் போன் எண் எல்லாவற்றையும் தானே எழுதிக்கொண்டார். அவர் போனபிறகு அக்கா சாக்குக் கட்டியைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தார்.

அடுத்த மாதம் மேலவீட்டுக்காரரும் கீழவீட்டுக்காரரும் கைகுலுக்கினார்கள். உலகமே கைதட்டியது. தளவாடங்களை எடுக்க ஒப்புக்கொண்டாயிற்று. அக்கா ஈரத் துணியால் வரைபடத்தில் ஒரு வட்டத்தைத் துடைத்தார். தம்பிக்குப் போன் போட்டார்.

"யக்கா, இங்கன ஒண்ணும் இல்ல. மீனு நல்லாப் படுது," என்றது போனில் ரூபனின் குரல்.

"மேல பாத்தியாலே?"

"மேல என்னத்தப் பாக்க? நான் வலயத்தான் பாக்கேன்."

"நீ வலயப் பாரு. வானத்த நான் பாத்துக்கிடுதேன்," என்று அக்கா போனை வைத்தார்.

சில வாரங்களில், எங்கிருந்தோ எதுவோ பறந்து வந்து அந்தத் துறைமுகத்தில் விழுந்தது என்று செய்தி வந்தது. யார் அனுப்பியது என்று எல்லோரும் எல்லோரையும் கை காட்டினார்கள். ரூபனின் போன் அடிக்கவே இல்லை.

இரண்டு நாட்கள் அப்படியே போயின. அக்கா அழவில்லை. செய்தி பார்க்கவில்லை. தைத்தார். மாதக்கணக்கில் கிடந்த துணி எல்லாவற்றையும் எடுத்து வரிசையாகத் தைத்தார். என் மூன்று ஜாக்கெட், பல் மருத்துவமனைக்காரியின் இரண்டு, வார்டனின் பாவாடை, தெருவில் யார் யாரோ கொடுத்து மறந்தவை. ஊக்கு வைத்து, இஸ்திரி போட்டு, பெயர் எழுதிய பையோடு அவரே மாடியேறி வந்து அறை அறையாகக் கொடுத்தார். எல்லாம் கச்சிதம். கை எல்லாம் சரியான கை. சொன்ன நாளில் துணி தராத கடைக்காரர் திடீரென்று எல்லாவற்றையும் தந்தால் மனிதருக்கு எவ்வளவு பயமாக இருக்கும் என்று எங்கள் விடுதிக்கு அன்றைக்குத் தெரிந்தது. யாரும் போட்டுப் பார்க்கக்கூட இல்லை.

மூன்றாம் நாள் காலை போன் அடித்தது. ரூபன் இல்லை, அந்தக் கிராம நிர்வாக அலுவலர்.

"யக்கா, அன்னைக்குப் பதிஞ்சோம்லா, அந்தப் பட்டியல்ல தம்பி பேரு வந்திருக்கு. ஆளு நல்லாருக்கானாம். படகு கரைக்கு வரல, கடலுக்குள்ளயே நின்னிருக்கு. அதான் போன் போகல. பயப்படாதீங்க, ஊருக்கு அனுப்புத வரிசையில இருக்கான்."

அக்கா அப்போதுதான் அழுதார். அதுவும் மெஷினை நிறுத்தாமல். அன்றைக்குத் தைத்தது யாருடைய துணி என்று தெரியவில்லை. கழுத்தே இல்லாமல் மூடித் தைத்திருந்தார்.

பத்து நாளில் ரூபன் ஒரு தோள்பையோடு வந்து இறங்கினான். விடுதியே பால்கனியில் நின்றது. கட்டிப்பிடிப்பார், கதறுவார் என்று எதிர்பார்த்தோம். அக்கா கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்து அவன் தோளில் வைத்தார்.

"ரெண்டு இஞ்சு எறங்கிட்டலே. என்னத்தத் தின்ன அங்கன?"

அவன் பிறகு தூத்துக்குடியில் இழுவைப் படகில் வேலைக்குச் சேர்ந்தான். கல்யாணமும் ஆயிற்று. கவலை தீர்ந்தது, இனி நமக்கு ஜாக்கெட் நேரத்துக்குக் கிடைக்கும் என்று விடுதி நிம்மதிப் பெருமூச்சு விட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போனேன். அக்கா வரைபடத்துக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். புதிதாகப் பேச்சு தொடங்கியிருந்தது. வேறொரு சின்ன நாடு, வேறொரு மூலை. கையில் டேப்.

"அக்கா, தம்பிதான் வந்துட்டாரே. இத இனிமே கழட்டிரலாம்லா?"

அக்கா என்னை விநோதமாகப் பார்த்தார்.

"அவன் வந்துட்டான்ட்டி. அவனுக்கு வாரதுக்கு ஒரு ஊரு இருந்துது. அங்கனயே பொறந்தவங்க எங்க போவாங்க?"

சொல்லிவிட்டு டேப்பை இழுத்தார். நான் அன்றைக்குப் பொங்கலுக்கென்று கொடுத்த துணி, சொல்ல வேண்டியதில்லை, சித்திரையில் வந்தது.

எனக்கு மதுரைக்கு மாற்றலாகி வருடமாகிறது. இங்கே தையல்காரர் சொன்ன தேதியில் தந்துவிடுகிறார். தொலைக்காட்சியில் இரண்டு பெரிய மனிதர்கள் நீள மேஜைக்கு இரு புறமும் உட்கார்ந்து சிரிக்கும்போதெல்லாம் எனக்குத் திக்கென்கிறது. உடனே பாளையங்கோட்டைக்குப் போன் போட்டு, "அக்கா, சாப்பிட்டீங்களா?" என்று கேட்கிறேன். அப்படிப்பட்ட நாட்களில் அவர் சாப்பிடுவதில்லை.