ஒரேதுணி அக்காவும் பச்சைக் கட்டம் போட்ட மொட்டைகளும்

ஜவுளிக்கடைக்குள் நுழைந்து, "இதுல எத்தன மீட்டர் இருக்கு? எல்லாத்தையும் கட்டுங்க" என்று சொல்லக்கூடிய தாய் கோவில்பட்டியில் ஒருவர்தான் உண்டு. அவர் நாங்கள் முன்பு குடியிருந்த தெருவில், எங்கள் பக்கத்து வீட்டில் இருந்தார். பெயர் என்னவோ இருந்தது. ரேஷன் கார்டில் தேடினால் கிடைக்கும். தெருவுக்கு அவர் ஒரேதுணி அக்கா.

அக்காவுக்கு நாலு பிள்ளைகள். மூத்தவளுக்குப் பத்து வயது, கடைக்குட்டிக்கு நாலு. வருஷத்துக்கு ஒரு துணிதான் எடுப்பார், கட்டோடு எடுப்பார். நாலு பேருக்கும் அதில்தான் உடுப்பு. மிச்சத்தில் அவருடைய வீட்டுக்காரருக்கு ஒரு சட்டை, அதற்கும் மிச்சத்தில் தலையணை உறை, கிரைண்டருக்கு மூடி, ஜன்னலுக்குத் திரை. நான் அங்கே குடிபோன வருஷம் பச்சைக் கட்டம். அக்கா வீட்டு அண்ணாச்சி அந்தச் சட்டையோடு ஜன்னலோரம் நின்று போன் பேசினால் தலை மட்டும் தனியாகப் பேசுவது போல் இருக்கும். கண்ணாமூச்சி விளையாட்டில் அந்த வீட்டுப் பிள்ளைகள் திரைக்குப் பின்னால் ஒளிய மாட்டார்கள். திரைக்கு முன்னால் நின்றாலே போதும்.

"எதுக்குக்கா இப்படி?" என்று கேட்டேன்.

"ஏட்டி, நாலு மூஞ்சியவும் தேடித் தேடிப் பாக்க எனக்கு நேரம் ஏது? துணியப் பாத்தமா, தலைய எண்ணுனமா, சோலிய முடிச்சமான்னு போயிட்டே இருக்கணும்."

எண்ணுவதுதான் அவருடைய அடுத்த பழக்கம். குளிக்க வைக்கும்போது எண்ணுவார், இட்லி வைக்கும்போது எண்ணுவார், பள்ளி வேனில் ஏற்றும்போது எண்ணுவார். குழாயில் தண்ணீர் வரும் நாளில் நாலையும் வரிசையாக உட்கார வைத்து ஒரே மூச்சில் ஊற்றி, துவட்டி, பவுடர் அடித்து அனுப்புவதைப் பார்க்கத் தெருவே நிற்கும்.

எனக்கு இருந்தது ஒரே பையன், கவின். அக்காவின் கடைக்குட்டி முத்துவின் வயதுதான். நான் தனியார் பள்ளி ஒன்றில் கணக்கு டீச்சர். வகுப்பில் நாற்பது பிள்ளைகளை மேய்த்துவிட்டு வருகிறவளுக்கு வீட்டில் ஒன்றை மேய்க்கத் துப்பில்லை என்பது எங்கள் குடும்பத்தில் அனைவரும் ஒப்புக்கொண்ட விஷயம். கயத்தாறிலிருந்து மாமியார் தினமும் காலையில் போன் செய்வார். "பிள்ள சாப்ட்டானா? என்னத்தச் சாப்ட்டான்? வயிறு நெறைஞ்சுதான்னு தொட்டுப் பாத்தியா?" என் வீட்டுக்காரர் சட்டைக்குப் பட்டன் போட்டுக்கொண்டே, "ஒத்தப் பிள்ளைய வச்சுக்கிட்டு இம்புட்டுப் பாடா?" என்பார். வேன் ஹார்ன் அடிக்கும்போது கவினின் ஒரு காலில்தான் ஷூ இருக்கும். நானும் உள்ளுக்குள் அவர்கள் சொல்வது சரிதான் என்று நம்பிக்கொண்டிருந்தேன். அது ரொம்ப வலித்தது.

அந்த வருஷம் மிஞ்சிய துண்டில் கவினுக்கும் ஒரு சட்டை தைத்துக் கொடுத்தார் அக்கா. மறுநாளே விவகாரம் ஆரம்பித்தது. நான் குளிப்பாட்டி அனுப்பிய பிள்ளை கொல்லைப்பக்கமாக அக்கா வீட்டுக்குப் போய், வரிசையில் உட்கார்ந்து, இரண்டாம் முறை குளித்து, மூன்று இட்லியும் தின்றுவிட்டு வந்தான். முத்து அன்றைக்குக் குளிக்கவே இல்லை. எண்ணிக்கை சரியாக இருந்ததால் அக்கா கண்டுகொள்ளவில்லை. என் வீட்டில் அரை இட்லிக்கு அழுகிறவன் அங்கே மூன்று தின்றதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

ஒரு கார்த்திகை நாளில் கவினுக்கும் முத்துவுக்கும் மொட்டை போடக் கழுகுமலைக்குப் போனோம். ஆண்கள் இரண்டு பேருக்கும் வேலை. நானும் அக்காவும் ஐந்து பிள்ளைகளும்தான். மாமியார் முந்தின நாளே போனில், "கூட்டத்துல பிள்ளையத் தொலைச்சிராத. ஒன்ன நம்பி அனுப்புதோம்" என்றார். நம்பவில்லை என்பது குரலிலேயே தெரிந்தது.

மொட்டை போட்டுச் சந்தனம் பூசி, சாமி கும்பிட்டு முடித்து, பஸ் நிற்கும் இடத்துக்கு வந்தோம். சின்னவர்கள் இருவரும் மர நிழலில் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்கிவிட்டார்கள். நான் தண்ணீர் பாட்டில் வாங்கப் போனேன். அதற்குள் பஸ் வந்து, கூட்டம் ஏறி, வண்டி நகரவே ஆரம்பித்துவிட்டது. ஜன்னல் வழியாக அக்கா கத்தினார். "ஏட்டி, ஒம்பிள்ளையத் தூக்கிட்டு அடுத்த வண்டில வா!"

மரத்தடிக்கு ஓடினேன். பச்சைக் கட்டச் சட்டை, சந்தன மொட்டை. தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு அடுத்த பஸ்ஸில் ஏறினேன். உட்கார இடம் கிடைத்தது. பிள்ளையைத் தொலைக்காமல் கூட்டிப் போகிறோம் என்று பெருமையாகக்கூட இருந்தது.

பாதி வழியில் தோளிலிருந்த தலை நிமிர்ந்தது. "சித்தி, எங்கம்மா எங்க?"

முத்து.

கவின் அக்காவிடம்தான் இருப்பானா? அல்லது தூக்கம் கலைந்து என் பின்னாலேயே தண்ணீர்க் கடைக்கு வந்து, கூட்டத்தில் எங்காவது நிற்கிறானா? அக்காவுக்குப் போன் போட்டேன். அணைந்து கிடந்தது. போகும்போது பிள்ளைகள் கேம் விளையாடியே சார்ஜைத் தீர்த்திருந்தார்கள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

கண்டக்டர் கேட்டார். "என்னம்மா, என்ன ஆச்சு?"

"வேற ஆளு பிள்ளையத் தூக்கிட்டு வந்துட்டேன் அண்ணாச்சி!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. பஸ் மொத்தமும் திரும்பிப் பிள்ளைபிடிக்காரியைப் பார்த்தது. நல்லவேளை, முத்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "இவிய எங்க சித்தி" என்றான். அப்புறம் என் கண்ணைத் துடைத்துவிட்டான்.

"அழாதீங்க சித்தி. எங்கம்மா நாலு எண்ணாம பஸ்ல ஏற மாட்டாவ."

அக்கா நாலு எண்ணியிருப்பார். நாலில் ஒன்று என் மடியில் இருக்கிறது. அப்படியென்றால் அங்கே இருக்கும் நாலாவது தலை என் பிள்ளைதான். கணக்கு டீச்சருக்கு நாலு வயதுப் பையன் கணக்குச் சொல்லிக் கொடுத்தான். இருந்தாலும் கோவில்பட்டி வந்து சேரும் வரை அந்தக் கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

பஸ் ஸ்டாண்டில் இறங்கினேன். டீக்கடை பெஞ்சில் அக்காவின் மூத்த பிள்ளைகள் மூன்று பேரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அக்கா மடியில் கவின், கையில் பன். ஓடிப்போய் ஒரு கையால் அவனை இழுத்து முத்தமாய்க் கொடுத்தேன். அவன் பன் தின்பதை நிறுத்தவில்லை. அக்கா நிதானமாக டீ குடித்துக்கொண்டிருந்தார்.

எனக்கு ஆத்திரம் வந்தது. "எப்ப தெரியும்கா ஒங்களுக்கு?"

"பாதி வழியில முழிச்சான். மூஞ்சியப் பாத்தா ஒம்பிள்ள."

"நீங்க பெத்த பிள்ள எங்க கெடக்கானோன்னு பதறாம, எப்படிக்கா டீ எறங்குது?"

அக்கா என்னை வினோதமாகப் பார்த்தார். "எங்க கெடக்கானோவா? ஒன் கையிலதான இருக்கான். அதுல பதற என்னட்டி இருக்கு?"

இப்படி ஒரு வார்த்தையை எனக்கு யாரும் அதுவரை சொன்னதில்லை. நான் அங்கேயே நின்று அழுதேன். அக்கா எனக்கும் ஒரு டீ சொன்னார். முத்துவை என் இடுப்பிலிருந்து வாங்கிக்கொள்ளக்கூட அவசரப்படவில்லை. எனக்கும் பிள்ளை வளர்க்கத் தெரியும் என்று நானே நம்ப ஆரம்பித்தது அந்த டீயைக் குடித்த பிறகுதான்.